ஆறு நாள் நோட்டம்

ஆறு நாளில் அறுபது லட்சம் வெள்ளி.
தவறினால் குன்றின்மேல் நிற்கும் பீரங்கி பேசும்.
எங்களைக் கேளாமலே முடிவாயிற்று.
காண்டன் நகரம் கதவுகளைச் சாத்திக்கொண்டு
தன் விலையைத் தானே எண்ண உட்கார்ந்தது.

நான் லுக் சிங்-போ. நோட்டக்காரன்.
முப்பது வருடம் ஆற்றோரக் கிட்டங்கியில்
காசை நகத்தில் நிறுத்திச் சுண்டி
அது பாடுகிறதா இருமுகிறதா என்று கேட்டவன்.
நல்லதென்றால் ஸ்பெயின் ராஜாவின் கன்னத்தில்
என் உளியால் ஒரு குத்து,
நெற்கதிர் வடிவில்.
அந்தக் கன்னத்தில் ஏற்கெனவே
பத்துப் பதினைந்து அம்மைத் தழும்பு இருக்கும்,
எல்லாம் என்னைப் போன்றவர்கள் போட்டது.

முதலில் வெள்ளி உள்ளே வந்தது.
தேயிலை போகும், வெள்ளி வரும்.
பிறகு மாமரப் பெட்டிகள் வந்தன.
பெட்டிக்கு நாற்பது உருண்டை,
ஒவ்வொன்றும் கசகசாப் பூவின் இதழ் சுற்றி,
துணியில் பொதிந்த சிசுபோல.
பிறகு வெள்ளி வெளியே போயிற்று.
என் நெற்கதிர்கள் என்னைத் தாண்டிப் போவதை
மேசையிலிருந்தே பார்த்தேன்.
கூலி மட்டும் குறையவில்லை;
வந்தாலும் போனாலும் நோட்டம் பார்க்க ஆள் வேண்டுமே.

என் மைத்துனன் கிட்-மான்
இரண்டு கோடைக்கு முன் ஹூமென் கரைக்குப் போனான்,
அபின் அழிக்கும் குழிகளில் சுண்ணாம்பு கொட்டும் வேலைக்கு.
உப்புநீர் கொதித்தது. கணுக்கால் வெந்தது.
மாலைதோறும் துணி உருவிச் சோதித்தார்கள்,
நகக்கண் வரைக்கும்.
ஒரு துணுக்கும் அவன் கொண்டுவரவில்லை.
பின்னலில் ஏறிய வாசனையை யாரும் சோதிக்கவில்லை.
அவன் மனைவி அதை அவிழ்த்துத் தலைக்கு ஊற்றியபோது
சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்து
அழுதானாம்.
அவனே புகைக்கிறவன் என்பது
வேலைக்கு எடுத்தவர்களுக்குத் தெரியாது.

இப்போது அவன் இல்லை. அதை விடுங்கள்.

ஐந்தாம் நாள் மழை.
கிட்டங்கிக்குள் வெக்கை; சுவரே வியர்த்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய நோட்டக்காரன்,
தாம் ஆ-ஹிங். என் தெருக்காரன்தான்.
அவனுக்கும் வயிறு இருக்கிறதே.
பின்னால் சிவப்புச் சட்டை அதிகாரி ஒருவன்
காலணிச் சேற்றைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நான் சுண்டித் தள்ளுவேன், ஆ-ஹிங் சுண்டி அடுக்குவான்.

அப்போது ஒன்று இருமியது.

ஈயம். வெள்ளித் தோல் போர்த்திய ஈயம்.
விளிம்பில் தையல்போல் ஓர் ஒட்டு.
கன்னத்தில், பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன்,
என் நெற்கதிர்.

முத்திரை பொய்யில்லை. முகம் பொய்யில்லை.
நான் குத்திய பிறகு யாரோ பிளந்து
உள்ளிருந்ததை வழித்தெடுத்து
மூடியிருக்கிறார்கள்.

முப்பது வருடம் செய்யாததைச் செய்தேன்.
தள்ளினேன்.

ஆ-ஹிங் சுண்டினான்.
அவன் காது என்னுடையதைவிட நல்லது, ஊருக்கே தெரியும்.
இமை ஒருமுறை உயர்ந்தது.
என் கழுத்து தானாகத் தோளுக்குள் இறங்கியது.
அவன் அதை அடுக்கின்மேல் வைத்து,
அதன்மேல் இரண்டு நல்ல காசு வைத்து,
“நூறு” என்றான்.
அதிகாரி தலையாட்டினான்.

அறுபது லட்சத்தில் ஒன்று.
யானைச் சோற்றில் ஒரு கல்.

சாயங்காலம் ரசீது எழுதினார்கள்.
தாவ்குவாங் இருபத்தோராம் ஆண்டு, நான்காம் மாதம் என்று
எங்கள் குமாஸ்தா தூரிகையால் மேலிருந்து கீழே இறக்கினான்.
பக்கத்திலேயே அவர்கள் இறகுப் பேனாவால்
குறுக்கே வேறோர் ஆண்டை எழுதினார்கள்.
நாற்பத்தொன்று என்றான் துபாஷி;
எதிலிருந்து எண்ணி என்று நான் கேட்கவில்லை.
ஈரம் காயுமுன் தாளை மடித்துவிட்டார்கள்.
ஒன்றின் மை மற்றதில் ஒட்டிக்கொண்டது.

வெளியே ஆ-ஹிங் குடையில்லாமல் நின்றிருந்தான்.
என்னிடம் இருந்தது. விரித்தேன்.
பாலம்வரை ஒன்றும் பேசவில்லை.
பாலத்தில் கேட்டான்:
“உங்கள் பக்கம் அரிசி என்ன விலை?”
சொன்னேன்.